ஞாயிற்றுக்கிழமைக் கார்

மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

அதன் பிறகு விடியும்வரை யாரும் உள்ளே போக முடியாது. வெளியே வரவும் முடியாது. கோலா சாவாவில் பெரிய சாலையை விட்டு இறங்கினால் அந்தக் கதவுவரை செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். வீடு இல்லை. விளக்கு இல்லை. மரங்களுக்கு அடியில் நாலு மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும்.

அந்தப் பாதையில் நடந்தது இது. எனக்கு நடந்ததல்ல. தேவதாஸின் மைத்துனன் ஹரோல்டுக்கு நடந்தது. தேவதாஸ் இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் தவறாகச் சொன்னால் திருத்துவான். அவனாகச் சொல்லமாட்டான்.

ஊரடங்கு முடியும்வரை நாம் எல்லோரும் இவன் வீட்டில், இந்த அறையில்தான். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்... போதும். ஒரே தடவை சாத்தினால் போதும்.

அவசரகாலம் தொடங்கிய பிறகு, சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி. உள்ளே நூறு குடும்பம். ஆனால் அந்த நூறு குடும்பத்துக்கு நடுவில் பேச ஆள் இல்லாமல் சிலர் இருந்தார்கள். மகன் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குள் போய்விட்ட தாய். புருஷனைப் போலீஸ் பிடித்துப் போன மனைவி. அவர்களோடு யார் பேசினாலும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காதுக்குப் போகும். அங்கிருந்து போலீஸுக்குப் போகும். ஆகவே யாரும் பேசுவதில்லை. அடுப்புக்கு நெருப்பு கேட்டால்கூடக் கதவைத் திறப்பதில்லை.

தேவதாஸின் மனைவி லில்லி ரஹாங் ஊரில் தையல் சொல்லிக்கொடுப்பவள். இந்தச் சேதி அவள் காதுக்கு வந்தது. கார் வைத்திருந்த நாலைந்து பேரை அழைத்தாள்.

"வாரத்துல ஒரு நாள் அவங்களை இங்க கொண்டாந்து விடுங்க. டீ குடிக்கட்டும். நாலு பொம்பளைங்களோட உட்கார்ந்து பேசட்டும். சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

காசு கிடையாது. பெட்ரோல் அவரவர் செலவு. போலீஸில் சொல்லி அனுமதி வாங்கினார்கள். காரின் முன்கண்ணாடியில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டவேண்டும் என்றார்கள். அதைப் பார்த்தால் காவலர்கள் கதவைத் திறப்பார்கள். தோட்டத்துச் சனங்கள் அதை ஞாயிற்றுக்கிழமைக் கார் என்றார்கள்.

லில்லியின் தம்பி ஹரோல்ட் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தான். சொந்தமாக ஒரு பழைய மாரிஸ் வைத்திருந்தான். அந்தக் காரில் ஒரு கோளாறு. பின்பக்கத்து இடது கதவு முதல் தடவையில் மூடாது. கொக்கி பிடிக்காது. மறுபடி திறந்து ஓங்கிச் சாத்தவேண்டும்.

டக்... டம்.

இதை நினைவில் வையுங்கள்.

அவனுக்குக் கிடைத்தது கோலா சாவா தோட்டம். ஏற்றிவர வேண்டியவள் பஞ்சாலை. நாற்பது வயது இருக்கும். பால்மரம் வெட்டுகிறவள். ஒரே மகன் காட்டுக்குப் போய்விட்டான். கடைசி லயத்தில் கடைசி வீட்டை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் சில வாரங்கள் அவள் காரில் வாயே திறக்கவில்லை. பின்னால் இடது பக்கம் உட்காருவாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்துக்கொள்வாள். எவ்வளவு குளித்திருந்தாலும் அவளிடமிருந்து புளித்த ரப்பர் பால் வாடை வரும். அந்த வேலைக்காரர்கள் எல்லோரிடமும் வருவதுதான். லில்லி வீட்டில் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பாள். பிறகு மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் சிரித்தாள். அப்புறம் ஹரோல்டைக் கிண்டல் செய்வதே அவளுக்கு வேலை.

"தம்பி, மாட்டு வண்டி ஒண்ணு பின்னால வருது. வழி விடுங்க."

"ரோடு சரியில்ல அக்கா."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. கார்தான் என்னை மாதிரி. யாரும் தள்ளாட்டி நகராது."

திரும்பிக் கொண்டுபோய் விடும்போது மட்டும் சிரிக்கமாட்டாள். கார் நின்ற பிறகும் இறங்கமாட்டாள். கையைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு கேட்பாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கதானே தம்பி?"

"வர்றேன் அக்கா."

அதைக் கேட்ட பிறகுதான் இறங்குவாள். டக்... டம். ஹரோல்ட் அவள் வீட்டு வாசல்வரை கூட நடப்பான். வாசலில் மறுபடி ஒரு தடவை சொல்லவேண்டும். ஞாயித்துக்கிழமை வர்றேன் அக்கா. நூறு குடும்பத்தில் அவள் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணுவம் சாலையை அடைத்துவிட்டது. ஹரோல்டின் காரை நடுவழியில் திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறான். விடவில்லை. சொல்லி அனுப்பவும் வழி இல்லை.

பஞ்சாலை காலையிலிருந்து வேலிக் கதவருகே நின்றாள். மதியம் மழை பிடித்தது. உள்ளே போகச் சொன்னார்கள். "தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கு" என்று மட்டும் சொன்னாள். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும்வரை நின்றாள்.

அன்று இரவு காய்ச்சல். காய்ச்சலோடே மூன்று நாள் மரம் வெட்டப் போனாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அவள் பெயருக்குப் பதில் வரவில்லை. சன்னாசி கங்காணி போய்க் கதவைத் தள்ளினார்.

ஹரோல்டுக்குச் சேதி மறுநாள்தான் வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவளை வாசலுக்கு உள்ளே பலகையில் கிடத்தியிருந்தார்கள். கங்காணி இருந்தார். குழி வெட்டுகிறவர்கள் இருவர் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை. எதிர் லயத்தில் சன்னல்கள் சாத்தியிருந்தன. சன்னலுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது என்றான்.

எடுக்கும்வரை அவனால் இருக்க முடியவில்லை. ஆறு மணி நெருங்கியது. அவள் காலடியில் கொஞ்ச நேரம் நின்றான். வாசலுக்கு வந்தான். பழக்க தோஷம்... அல்லது என்னவோ. திரும்பி உள்ளே பார்த்துச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் அக்கா."

குழி வெட்டுகிறவன் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டான்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். வருகிறேன் என்று எந்த மனிதனும் சொல்லமாட்டான். ஆனால் அந்த வாசலில் அவன் வாய்க்கு வேறு வார்த்தை பழக்கமில்லை.

"என்ன தம்பி... இப்படிச் சொல்லிட்டீங்க" என்றார் கங்காணி.

"வாய் தவறிருச்சு."

கங்காணி பிணத்தைப் பார்த்தார். "அவ காதுல விழுந்துருச்சே."

சனிக்கிழமை அந்த வீட்டைக் கழுவிவிட்டார்கள். அன்றைக்கே அதில் ராக்கம்மாவைக் குடிவைத்தார்கள். இருபது வயதுப் பெண். புருஷன் மரம் வெட்டப் போகும்போது இடுப்பில் ஒரு பிடி அரிசி முடிந்துவைத்திருந்தான். வேலிக்கு வெளியே அரிசி எடுத்துப் போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கத்தான் என்று சொல்லிப் பிடித்துப் போனார்கள். அவளோடும் இனி யாரும் பேசமாட்டார்கள்.

ஹரோல்ட் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று தன் அக்காவிடம் சொன்னான்.

"நீ போகாட்டி அந்தப் பொண்ணு யார் மூஞ்சியைப் பார்க்கும்?" என்றாள் லில்லி.

"பஞ்சாலை மூஞ்சியை."

"ச்சீ. வாயை மூடுடா. போய்க் கூட்டிட்டு வா."

போனான்.

ராக்கம்மா வேலிக் கதவில் நின்றிருந்தாள். பின்னால் ஏறினாள். வலது பக்கம், ஹரோல்டுக்கு நேர் பின்னால். கதவைச் சாத்தினாள். ஹரோல்ட் எஞ்சினைக் கிளப்பினான்.

டக்... டம்.

இடது கதவு.

திரும்பிப் பார்த்தான். கதவு மூடித்தான் இருந்தது. யாரும் இல்லை. ராக்கம்மா மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கால்களைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்காரும்போது நாம் நகர்ந்து இடம் கொடுப்போமே... அந்த மாதிரி.

பாதி வழியில் வாடை வந்தது. புளித்த ரப்பர் பால். ராக்கம்மாவும் பால்மரம் வெட்டுகிறவள்தான். அப்படித்தான் அவன் மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

அன்று ராக்கம்மா பேசவில்லை. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் பேச ஆரம்பித்தாள். லில்லி வீட்டில் அல்ல. காரில். மிக மெதுவாக. ஹரோல்டுக்கு முதலில் பாட்டு முணுமுணுப்பதுபோல இருந்தது. பிறகு கவனித்தான். அவள் ஏதோ சொல்வாள். நிறுத்துவாள். பதில் கேட்பதுபோல "உம்" கொட்டுவாள். ஒருநாள் சிரித்தாள்.

"யார்கூடப் பேசுறம்மா?"

"நீங்க ரோட்டைப் பாருங்கண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "மாட்டு வண்டி முந்திடப் போவுதாம்."

அந்தக் கிண்டல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஹரோல்ட்.

இந்த இடத்தில் தேவதாஸ் என்னை ஒருநாள் திருத்தினான். ஹரோல்ட் காரை நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக ஓட்டினான் என்று.

அதே நாள் திரும்பும்போது சாலையில் சோதனை. முன்விளக்கை அணைத்து, காருக்குள் விளக்கைப் போடவேண்டும். மலாய் சிப்பாய் ஒருவன் அடையாளக் கார்டு கேட்டான். ஹரோல்ட் தன்னுடையதைக் கொடுத்தான். ராக்கம்மா தன்னுடையதைக் கொடுத்தாள். சிப்பாய் இரண்டையும் பார்த்தான். பிறகு சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கத்துச் சன்னலுக்கு முன்னால் கையை நீட்டினான்.

"சத்து லாகி."

இன்னும் ஒன்று.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் குனிந்து உள்ளே பார்த்தான். கார்டுகளை ஹரோல்டின் மடியில் போட்டுவிட்டுப் பின்னால் போனான். போ போ என்று கையை ஆட்டினான்.

சன்னல் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஈரம் படிந்திருந்தது. உள்பக்கம்.

வேலிக் கதவில் கார் நின்றது. ராக்கம்மா இறங்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கதானே அண்ணே?"

ஹரோல்ட் இடது பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான். வருகிறேன் என்றால் யாரிடம் சொன்னதாகும்? அந்த ஒரு வார்த்தையை இந்தப் பெண்ணுக்குக் கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற இன்னொருத்தியும் வாங்கிக்கொள்கிறாள். கொடுக்காவிட்டால் இந்தப் பெண் அந்த இருட்டு லயத்தில் ஒரு வாரத்தை எப்படித் தள்ளுவாள்?

"அண்ணே?"

"வர்றேம்மா" என்றான்.

இறங்கினாள். அவள் வாசலை நோக்கி நடந்து வெகுதூரம் போன பிறகு கேட்டது. டக்... டம்.

சன்னாசி கங்காணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை.

"குடுத்த வார்த்தையைக் குடுத்த ஆளுதான் திருப்பி வாங்கணும். அதே வாசல்ல நின்னு, இனிமே வரமாட்டேன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. நடந்துகிட்டே இருக்கணும்."

"அந்த வீட்ல ராக்கம்மா இருக்காளே."

"சாயங்காலம் பைப்புக்குத் தண்ணி புடிக்கப் போவா. அப்பச் சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மாவைக் கொண்டுவந்து விட்டான். "வர்றேம்மா" என்றான். அவள் போனாள். ஹரோல்ட் கதவருகே காத்திருந்தான். கங்காணி கூட நின்றார். மழை தூறியது. லயத்து மூலையில் பைப்படியில் ஒரு பெண் வாளியோடு குனிந்திருந்தாள். தலையில் சேலை முந்தானை.

"அதோ. சீக்கிரம்" என்றார் கங்காணி.

கடைசி வீடு. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு. புளித்த பால் வாடை குப்பென்று வந்தது. ஹரோல்ட் வாசலில் நின்றான்.

"அக்கா... இனிமே நான் வரமாட்டேன். எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காதீங்க. என்னை விட்டுருங்க."

உள்ளே ஏதோ உரசிக்கொண்டிருந்தது. சட்டியைத் தேய்க்கிற சத்தம். அது நின்றது.

பிறகு ஒரு குரல்.

"சரி."

ஒரு குரலா, இரண்டா... அவனால் சொல்ல முடியவில்லை.

தண்டவாளத் துண்டில் தட்டி, கதவு பூட்டும் மணி அடித்தார்கள். கங்காணி அவன் கையைப் பிடித்து இழுத்தார். நடந்தார்கள். பைப்படியைக் கடக்கும்போது அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். அவள் ராக்கம்மா இல்லை. வேறு யாரோ கிழவி.

ஹரோல்ட் நின்றான். "ராக்கம்மா உள்ளதான் இருந்திருக்கா. அவளைத்தான் சொன்னேன்னு நெனச்சிருப்பா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்."

"திரும்பினா சொன்னது செல்லாது தம்பி."

"அந்தப் பொண்ணு பாவம்..."

"நாளைக்குப் பெரட்டுல நான் சொல்லிடுறேன். கதவைப் பூட்டுறான். நடங்க."

நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று காரில் வாடை இல்லை. கதவுச் சத்தம் இல்லை. செம்மண் பாதையில் பாதி தூரம் போனதும் சீட்டியடிக்க ஆரம்பித்தான். அந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினான். வழக்கமான நேரம். லில்லி ராக்கம்மாவுக்கு ஒரு ரவிக்கை தைத்திருந்தாள். காகிதத்தில் சுற்றி முன் இருக்கையில் வைத்தாள். ராத்திரி முழுவதும் கார் ரஹாங்கில் வீட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. தேவதாஸ் படுத்திருந்த அறைச் சன்னலுக்கு நேர் வெளியே.

வேலிக் கதவில் ராக்கம்மா இல்லை. ஹாரன் அடித்தான். காவலர்கள் இருவரும் அவனைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னாசி கங்காணி உள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன தம்பி, திரும்பி வந்துட்டீங்க? எதையாவது மறந்துட்டுப் போயிட்டாளா?"

"யாரு?"

"ராக்கம்மாதான். இன்னிக்கு ஏன் அவ்வளவு வெள்ளன வந்தீங்க? கதவைத் திறக்கறப்பவே வந்து நிக்கிறீங்க."

"நான் இப்பத்தான் வர்றேன்."

"வெளையாடாதீங்க லா. நான் கைகூடக் காட்டினேனே. பனியில உங்க மூஞ்சி சரியாத் தெரியல. கண்ணாடியில காகிதம் இருந்துச்சு. பின்னால ரெண்டு பொம்பளைங்க பேசிச் சிரிச்சுக்கிட்டுப் போனாங்க. டீச்சரம்மாவும் வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

ஹரோல்ட் எஞ்சினை அணைத்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நான் அவளைச் சொல்லலைன்னு... அவகிட்டச் சொன்னீங்களா?"

கங்காணியின் சிரிப்பு போய்விட்டது. "எப்படித் தம்பி சொல்றது? கிராணி பக்கத்துலயே நின்னாரு."

ராக்கம்மா காட்டுக்குள் போய்விட்டாள் என்று போலீஸ் முடிவு செய்தது. தேடினார்கள். கிடைக்கவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. அவள் வீட்டில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டி தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. தண்ணீர் குடித்த குவளைகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஹரோல்ட் காரை விற்றுவிட்டான். அந்த ரவிக்கை இந்த வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.

அந்தக் கடைசி வீட்டில் இப்போது வேறு ஒருத்தி இருக்கிறாளாம். அவளோடும் யாரும் பேசுவதில்லை. லில்லி நேற்று நம்மையெல்லாம் எதற்குக் கூப்பிட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். யார் அந்தப் பாதையில் போவது என்று நாளைக்குள் சொல்லவேண்டும். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்று வேலிக் கதவில் கங்காணி கடைசியாக ஒன்று கேட்டார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. ஹரோல்டின் கை ஸ்டீரிங்கில் இருந்தது. முன்னால் பாதை காலியாகக் கிடந்தது. பின் இருக்கையில் இரண்டு இடங்களில் ஈரம் ஊறியிருந்தது.

"பின்னால அவங்க ரெண்டு பேரும்னா... காரை ஓட்டிக்கிட்டுப் போனது யாரு தம்பி?"